எந்த வண்டிக்கு எந்த ஆயில்?

மளிகைக் கடை வைத்திருப்பவர் பொன்னி எது, ஐ.ஆர். 20 எது என்று தெரியாமல் ஒரு நாள் கூடக் கல்லாவில் உட்கார முடியாது. ஆனால் ஆயில் வியாபாரத்தில் மட்டும், "பெட்ரோலா, டீசலா? எத்தனை லிட்டர்?" என்ற இரண்டு கேள்விகளோடு டப்பாவை எடுத்துக் கொடுத்து விடும் பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை. ஒரு காலத்தில் அது செல்லுபடியானது. அன்று ரோட்டில் ஓடிய லாரியும் காரும் நாலைந்து ரகம்தான். 20டபிள்யூ-40 ஒன்றைக் கையிருப்பில் வைத்துக் கொண்டு முக்கால்வாசி வண்டிகளைச் சமாளித்து விடலாம்.

இன்று அப்படி இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 வண்டிகள் மட்டுமே புதிதாக விற்பனைக்கு வருகின்றன. இந்த வண்டிகளில், முக்கியமாக டீசல் வண்டிகளில், பொருந்தாத ஆயிலை ஊற்றினால் என்ஜினோடு போகாது. சைலன்சர் பக்கம் பொருத்தியிருக்கும் விலை உயர்ந்த பாகங்களும் சேர்ந்து கெடும். கெட்ட பிறகு வண்டிக்காரர் ஆயில் கம்பெனியைத் தேடிப் போக மாட்டார். டப்பா கொடுத்த கடையைத்தான் தேடி வருவார்.

சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் லாரித் தொழிலை நம்பி மொத்த வியாபாரம் செய்பவர்கள் நாங்கள். கவுண்டரில் அன்றாடம் எழும் கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறோம். ஆயில் விற்காத உறுப்பினர்களும் படிக்கலாம். கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் வண்டி ஒன்றாவது அவர்களுக்கும் இருக்கும்.

எண் சொல்வது என்ன?

டப்பாவில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 போன்றவை எஸ்.ஏ.இ. எண்கள். இவை ஆயில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதை மட்டும் சொல்லும். தரத்தைச் சொல்லாது. இதை நம் கடைப் பையன்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். 20டபிள்யூ-50 என்பது 5டபிள்யூ-30ஐ விட "பெரிய நம்பர்", ஆகவே உசத்தி என்று நினைத்துக் கொண்டு வாடிக்கையாளரிடம் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் வரும் எண், என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. மார்கழி மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்லெண்ணெய் உறையாது. அதுபோல ஒவ்வொரு ஆயிலுக்கும் ஒரு குளிர் எல்லை உண்டு. 15டபிள்யூ ஆயிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலைக் கீழே 30 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். "நம் ஊரில் அவ்வளவு குளிர் ஏது?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் நம் ஊர்க் காலை வேளையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் முழுவதும் கீழே சம்ப்பில் இறங்கியிருக்கும். சாவி போட்டதும் அது மேலே வால்வு வரை ஏற வேண்டும். முதல் எண் சிறியதாக இருந்தால் சீக்கிரம் ஏறும். என்ஜினில் ஏற்படும் தேய்மானத்தில் பெரும் பங்கு இந்த ஸ்டார்ட் செய்யும் நேரத்தில்தான்.

பின்னால் வரும் 30, 40, 50 என்பது என்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டும். 100 டிகிரி சூட்டில் அளந்து இந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். வெயில் அதிகமான ஊர், ஆகவே கெட்டியான ஆயில்தான் நல்லது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். பழைய என்ஜினுக்கு அது பொருந்தியது. இப்போது வரும் பெட்ரோல் கார்களில் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைவு. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. ஆகவேதான் பல கார்களின் கையேட்டில் 0டபிள்யூ-20 என்றும், சிலவற்றில் 0டபிள்யூ-16 என்றும் போட்டிருக்கிறார்கள். அவற்றில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் வால்வுச் சத்தம் கேட்கும், மைலேஜ் குறையும். வெளியே வெயில் 40 டிகிரியானாலும் உள்ளே என்ஜின் தன் தண்ணீரைக் கொண்டு சூட்டை ஒரே அளவில்தான் வைத்துக் கொள்கிறது என்பதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொன்னால் புரிந்து கொள்கிறார்கள். அதே போல, இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பழைய காருக்கு மெல்லிய ஆயில் ஊற்றினால் அது புகையாகப் போகும். அதற்குக் கையேட்டில் அனுமதித்த எண்களுக்குள் கெட்டியானதைக் கொடுப்பதில் தவறில்லை.

எழுத்து சொல்வது என்ன?

தரத்தைச் சொல்வது டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் ஏ.பி.ஐ. குறி. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த முறை இது. முதல் எழுத்து எஸ் என்றால் பெட்ரோல், சி என்றால் டீசல். ஸ்பார்க் பிளக் உள்ள வண்டிக்கு எஸ், கம்ப்ரஷனில் எரியும் வண்டிக்கு சி என்று நினைவில் வைத்துக் கொண்டால் மறக்காது. அடுத்த எழுத்து ஆங்கில வரிசையில் பின்னால் போகப் போகப் புதிய தரம். பெட்ரோலில் எஸ்.எம்., எஸ்.என்., பிறகு 2020 மே மாதம் எஸ்.பி., 2025 மார்ச் இறுதியில் எஸ்.க்யூ. டீசலில் 1990இல் சி.எப்.4, 1998இல் சி.எச்.4, 2002இல் சி.ஐ.4, பிறகு சி.ஜே.4, 2016 டிசம்பரில் சி.கே.4. கடைசியில் வரும் 4 என்பது நாலு ஸ்ட்ரோக் என்ஜினைக் குறிக்கும்.

பொதுவாகப் புதிய தரம் பழைய வண்டிக்கும் ஆகும். பழைய தரம் புதிய வண்டிக்கு ஆகாது. இதற்கு விலக்காக எப்.ஏ.4 என்று ஒரு டீசல் தரம் உண்டு. சி.கே.4 வந்த அன்றே வந்த அது மெல்லிய ஆயில். கம்பெனி எழுத்து மூலம் சொல்லாமல் வேறு எந்த வண்டிக்கும் அதைக் கொடுக்கக் கூடாது.

ஒரே டப்பாவில் "சி.ஐ.4 / எஸ்.எல்." என்று இரண்டு குறிகளும் இருக்கக் கண்டிருப்பீர்கள். முதலில் வருவது எதுவோ அதற்காகத்தான் அந்த ஆயிலைத் தயாரித்திருக்கிறார்கள், இரண்டாவது கூடுதல் தகுதி என்று எடுத்துக் கொள்ளலாம். லாரியும் ஜீப்பும் பழைய காரும் சேர்த்து வைத்திருக்கும் முதலாளிக்கு அது வசதி. ஆனால் புதிய டர்போ பெட்ரோல் காருக்கு அது போதாது. இந்தக் கார்களில் குறைந்த வேகத்தில் அதிக இழுவை கேட்கும்போது, நேரத்துக்கு முன்பே தீப்பற்றி பிஸ்டனை உடைக்கும் கோளாறு உண்டு. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் மருந்தின் அளவும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டுபிடித்து, அதைச் சரி செய்யத்தான் எஸ்.பி. தரத்தைக் கொண்டு வந்தார்கள். டீசல் ஆயிலில் கால்சியம் அதிகம் இருக்கும். "டீசல் ஆயில் ஸ்ட்ராங்" என்று சொல்லி அதை இந்தக் கார்களுக்கு விற்பது பிஸ்டனோடு விளையாடுவது.

டீசல் ஆயிலுக்கு உள்ள வேலை வேறு. டீசல் எரிந்தால் கரி உண்டாகும். அந்தக் கரியை ஓரிடத்தில் படிய விடாமல் தன்னுள் கலந்து வைத்துக் கொள்ள வேண்டியது ஆயிலின் பொறுப்பு. "ஊத்துன ரெண்டாம் நாளே கறுத்துப் போச்சுங்க, டூப்ளிகேட் குடுத்துட்டீங்க" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். டீசல் வண்டியில் ஆயில் கறுக்கிறது என்றால் அது வேலை செய்கிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் பொன்னிறமாகவே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கரி எங்கோ உள்ளே படிந்து கொண்டிருக்கிறது. ஆனால் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்து விட்டது. அதற்கு ஆயிலை மாற்றிப் பயனில்லை, மெக்கானிக்கிடம் அனுப்ப வேண்டும்.

சாம்பல் கணக்கு

இந்தக் கட்டுரை எழுதுவதற்கே காரணம் இந்தப் பகுதிதான்.

சில மாதங்களுக்கு முன் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் வந்தார். பழைய லாரியை விற்றுவிட்டுப் புது வண்டி எடுத்திருக்கிறார். "அண்ணே, அந்த நீல பக்கெட்டே குடுங்க. இருபது வருஷமா லாரிக்கு அதத்தான் ஊத்தறேனுங்க" என்றார். "தம்பி, வண்டி எந்த வருஷம்? புஸ்தகம் வண்டியில இருக்குதா?" என்று கேட்டோம். அவர் சிரித்துக் கொண்டே, "ஆயிலுக்கு எதுக்குங்க புஸ்தகம்?" என்றார். பையனை அனுப்பி டேஷ்போர்டிலிருந்து எடுத்து வரச் சொல்லிப் பார்த்தால் சி.கே.4 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அவர் கேட்ட நீல பக்கெட் சி.எப்.4. பெயரும் பெரியது, சரக்கும் அசல்தான். ஆனால் அந்த வண்டிக்கு அது ஆகாது.

ஏன் ஆகாது? பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் பில்டர் ஒன்று இருக்கிறது. டி.பி.எப். என்பார்கள். அதில் சேரும் கரியை வண்டி அவ்வப்போது தானே சூடாக்கி எரித்துக் கொள்ளும். ஆனால் என்ஜினுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் ஆயிலில் உள்ள மருந்துகள் சாம்பலாகி அதே பில்டரில் போய்த் தங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. விறகு அடுப்பில் சாம்பல் அள்ளாமல் விட்டால் காற்றுப் போகாமல் அடுப்பு புகைவது போல, பில்டர் அடைத்துக் கொள்ளும். முதலில் இழுவை குறையும், பிறகு டேஷ்போர்டில் விளக்கு எரியும், கடைசியில் வண்டி வேகமே எடுக்காது. புது பில்டரின் விலை பல வருட ஆயில் செலவுக்குச் சமம். சிறிய வண்டி வைத்துப் பிழைப்பவருக்கு அது தாங்காது. அன்றாட வாடகையும் போய், மாதத் தவணையும் நிற்கும்.

இதற்காகத்தான் சி.ஜே.4, சி.கே.4 ஆயில்களில் சாம்பல் அளவை 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். டீசல் கார்களுக்கு ஐரோப்பிய முறையில் ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்று குறி இருக்கும். அதில் இன்னும் குறைவு, 0.8 சதவீதம். இந்த ஐரோப்பியக் குறியில் வரும் சி என்ற எழுத்தை அமெரிக்கக் குறியின் சி-யோடு குழப்பிக் கொள்ளக் கூடாது. இது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பொதுவானது.

அப்படியானால் பழைய லாரிக்கும் சி.கே.4 ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். ஊற்றலாம். டீசலில் கந்தகம் அதிகம் இருந்த நாட்களில் அதனால் உண்டாகும் அமிலத்தை முறிக்க ஆயிலில் கார மருந்து நிறைய வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து பங்கில் கிடைக்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லை. பழைய லாரியின் டேங்கிலும் அதே டீசல்தான். ஆனாலும் டி.பி.எப். இல்லாத வண்டிக்காரரிடம் கூடுதல் விலை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல சி.எச்.4, சி.ஐ.4 ஆயில் அவருக்குப் போதும். எல்லோருக்கும் விலை உயர்ந்ததையே தள்ளி விடுவதும் வியாபாரம் அல்ல.

பி.எஸ்.6 வண்டிக்காரர்களிடம் இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள். ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன நடையாக ஓடும் வண்டியில், பில்டரை எரிக்க வண்டி கூடுதலாக விடும் டீசலில் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் ஏறியிருக்கும். "ஆயிலே குறையல, ஏறியிருக்குது" என்று மகிழ்ந்து போகிறார்கள். அது டீசல். உடனே மாற்ற வேண்டும்.

இரு சக்கர வண்டி

சில்லறைக் கடைகளில் அதிகம் போவது 900 மில்லி டப்பாதான். இதில் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் தவறு அதிகம் நடக்கிறது. கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் என்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் தகடுகள் அந்த ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. கார் ஆயிலில் மைலேஜுக்காக வழுக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அதை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற ஜப்பான் நாட்டுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்.பி. குறி. எம்.பி. ஆயிலை மோட்டார் சைக்கிளுக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டு டப்பாவும் ஒரே நிறத்தில் ஒரே ராக்கில் இருந்தால் கூட்ட நேரத்தில் கை மாறிப் போகும்.

கூப்பனும் காலி டப்பாவும்

மெக்கானிக் சொல்லும் ஆயிலைத்தான் வாடிக்கையாளர் வாங்குகிறார். மெக்கானிக் சில சமயம் மூடிக்குள் இருக்கும் கூப்பனைப் பார்த்துச் சொல்கிறார். இது நமக்குத் தெரியாத விஷயம் அல்ல. அவருடைய வருமானத்தைக் கெடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கூப்பன் உள்ள பிராண்டிலேயே அந்த வண்டிக்கு உரிய தரமும் பெரும்பாலும் இருக்கும். அதை எடுத்துக் காட்டினால் அவர் மறுப்பதில்லை. சண்டை பிராண்டில் இல்லை, பின்பக்கத்து எழுத்தில்தான்.

"பாதி சிந்தடிக்", "முழு சிந்தடிக்" என்ற பெயர்களுக்கும் இதே கதைதான். பாதி என்றால் சரிபாதி என்று பொருள் இல்லை. முழு சிந்தடிக் நீண்ட நாள் உழைக்கும், சூட்டைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் தரக்குறி பொருந்தாத முழு சிந்தடிக்கை விட, பொருந்தும் சாதாரண ஆயில் மேல்.

டூப்ளிகேட் விஷயத்துக்கு வருவோம். பெயர் பெற்ற பிராண்டின் காலி டப்பாவைப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு விற்றால், அது திரும்பி நம் கவுண்டருக்கே நிரம்பி வரும் வாய்ப்பு உண்டு. வடித்தெடுத்த பழைய ஆயிலை வெளுக்க வைத்து ஊற்றி, புது மூடி போட்டு விடுகிறார்கள். பட்டறைக்காரர்களிடம் சொல்லி, காலி டப்பாவைக் கத்தியால் கீறியோ ஓட்டை போட்டோ விற்கச் சொல்லுங்கள். மூடிக்குக் கீழே உள்ள தகடு சீல், பேட்ச் எண், தயாரித்த மாதமும் வருடமும், தயாரிப்பாளர் முகவரி, அதிகபட்ச விலை ஆகியவற்றை ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றையாவது பிரித்துச் சரிபார்க்க வேண்டும். ஒரே பெட்டியில் வேறு வேறு பேட்ச் எண் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். 210 லிட்டர் பேரலிலிருந்து லூசாக அளந்து விற்பதை நாங்கள் அடியோடு நிறுத்தி விட்டோம். வாங்கிப் போனவர் வீட்டுக்குப் போனபின் அது எந்த ஆயில் என்று நிரூபிக்க நம்மிடம் ஒன்றுமே இருக்காது.

சட்டம் தெரிந்திருப்பது நல்லது. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 104ஆம் பிரிவுப்படி, போலிச் சின்னம் இட்ட சரக்கைத் தயாரித்தவர் மட்டும் அல்ல, விற்றவரும் விற்பனைக்கு வைத்திருந்தவரும் குற்றவாளிதான். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். உரிய எச்சரிக்கையோடு வாங்கினோம், சந்தேகிக்கக் காரணம் இல்லை என்று காட்டி, யாரிடம் வாங்கினோம் என்ற விவரத்தையும் கேட்டதும் கொடுத்தால் அதே பிரிவில் நமக்குப் பாதுகாப்பும் இருக்கிறது. பில் இல்லாமல் பெட்டிக்கு நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று எடுப்பவர் அந்தப் பாதுகாப்பைத் தன் கையாலேயே விட்டு விடுகிறார்.

அதேபோல் நாம் கொடுக்கும் பில்லிலும் வெறுமனே "ஆயில் 5 லி." என்று எழுதாமல், "15டபிள்யூ-40, சி.கே.4" என்று தரத்தையும், முடிந்தால் வண்டி எண்ணையும் எழுதுங்கள். வாரண்டி உள்ள வண்டியில் கோளாறு வந்தால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது எந்த ஆயில் ஊற்றினீர்கள் என்பதுதான். அந்த ஒரு வரி வாடிக்கையாளருக்கும் உதவும், நமக்கும் உதவும்.

எங்கள் கடையில் டி.பி.எப். வண்டிகளுக்கான டப்பாக்களைத் தனி ராக்கில் வைத்து மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறோம். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் ஆயில்களுக்கு நடுவே ஒரு தட்டு காலியாக விட்டிருக்கிறோம். புது வண்டிகளுக்கு ஊற்றும் டி.இ.எப். கேன்களை ஆயில் பக்கமே வைப்பதில்லை. அது யூரியாத் தண்ணீர், ஆயில் அல்ல.

கடைசியாகப் பழைய ஆயில். சென்ட்ரிங் தகட்டுக்குத் தடவவும், கரையானுக்கு மரத்தில் பூசவும் அதைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. பட்டறையும் சேர்த்து நடத்தும் உறுப்பினர்கள் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் மட்டுமே கொடுத்து, அதற்கு ரசீதும் வாங்கிக் கோப்பில் வைத்துக் கொள்ளவும்.